ஒரு சுரம் மேலே

ஒரு தட்டு வந்தால் இருக்கிறேன் என்று அர்த்தம். நாங்கள் யாரும் பேசி வைத்துக்கொண்டது இல்லை. எப்ரா அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்ட நாலாம் நாள், நான் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, எய்யா எப்ரா, அம்மா வந்திருக்கேன் என்றேன், உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது, அன்றைக்குத் தொடங்கி அப்படியே நடந்து வருகிறது. காலையில் நான் இரண்டு, அவன் ஒன்று. மத்தியானம் நான் இரண்டு, அவன் ஒன்று. அந்த ஒன்று வந்ததும் சோற்றுச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு நான் அடுக்களைக்குப் போய்விட வேண்டும், நான் நின்றால் கதவு திறக்காது. இருபத்தாறு வயசுப் பிள்ளைக்கு அறை வாசலில் சோறு வைத்துவிட்டு ஒளிந்துகொள்கிற தாய் இந்தப் பாளையங்கோட்டையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஐந்து வாரமாயிற்று. இன்றைக்கு மத்தியானமும் தட்டினேன். இரண்டு. சரியாக அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு லிவிங்ஸ்டன் சார் மோட்டாரைப் போட்டுவிட்டார், அது ஓடினால் எங்கள் வீட்டுச் சுவரே உறுமும், அந்த உறுமலுக்குள் அந்த ஒன்று வந்ததா வரவில்லையா, கதவிலிருந்து வந்ததா, கதவுக்கு மேலே இருக்கிற பல்லி வாலை அடித்ததா, எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் தட்டியிருக்கலாம். யாராக இருந்தாலும் தட்டியிருப்பார்கள். ஆனால் மறுபடி தட்டி, மோட்டாரும் நின்றிருந்து, ஒன்றும் வராமல் போனால்? தட்டாத வரைக்கும் வந்த மாதிரிதான். டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், நெருக்காதீங்கம்மா, அவனா வரட்டும், ஆனா ஒரு தடவை பதில் இல்லேன்னாலும் யோசிக்காதீங்க, கதவ உடைச்சிருங்க. சரி டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வந்தவள் நான். சட்டியை வைத்தபோது மணி ஒன்றரை. இப்போது இரண்டேகால். சட்டி வைத்த இடத்தில் இருக்கிறது, மேலே மூடின தட்டம் மூடினபடி இருக்கிறது, ஒரு எறும்பு அதைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறது, சுற்றி முடித்துவிட்டு மறுபடியும் சுற்றுகிறது. நான் எப்ராவின் கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். காலையில் கூரியரில் கம்பி வந்திருந்தது, பெங்களூரிலிருந்து என் மகள் பியூலா அனுப்பினது. பன்னிரண்டு கம்பி. ஆண்டவரே, இந்தக் கம்பியை மாட்டி முடிக்கிறவரைக்கும் எனக்குத் தவணை கொடும், அதற்குப் பிறகு நான் போய்த் தட்டுகிறேன் என்று ஜெபித்தேன். அப்படி ஒரு ஜெபத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், கேட்டவருக்கே கோபம் வந்திருக்கும்.

பழைய கம்பிகளை அவனே கழற்றிச் செய்தித்தாளில் சுருட்டிக் கிதார்ப் பெட்டிக்குள் போட்டிருந்தான். எது எங்கே போகும் என்று கனம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் அதைப் பிரித்தேன். சுருள் சுருளாக, கருத்துப்போய், தலையை வாரினால் சீப்பில் வருமே அது மாதிரி ஒன்றுக்குள் ஒன்று. பிரித்துத் தரையில் வரிசையாக வைத்தேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று. ஆறு சோடியில் முதல் சோடியின் பெருங்கம்பி இல்லை, எல்லாவற்றிலும் தடியானது, செம்புக்கம்பி சுற்றினது. செய்தித்தாளை உதறினேன். பெட்டியின் வெல்வெட்டு மூலையில் விரலை விட்டுத் துழாவினேன். ஒரு கம்பி என்ன ஆகும், எங்காவது உருண்டிருக்கும், குப்பைக்காரி கூட்டிக்கொண்டு போயிருப்பாள். ஒரு கம்பியைப் போய் ஒருவன் அறைக்குள் எடுத்துக்கொண்டு போவானா. எதற்கு எடுத்துக்கொண்டு போவான். நினைப்பை அந்த இடத்திலேயே நிறுத்தினேன், அதன் மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்த மாதிரி மூடினேன், ஆனால் சட்டிக்குள்ளே அது நகர்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. புதுக் கம்பியை எடுத்தேன். எடுத்து அதன் குண்டு முனையைக் கிதாரின் அடிப்பக்கம் இருக்கிற பாலத்து ஓட்டையில் கோத்து இழுத்தேன். எனக்குத் தெரியும். நான் எட்டாங்கிளாஸ்தான், ஆனால் ஆறு வருஷமாக அவன் கம்பி மாற்றும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து பிடித்துக் கொடுத்திருக்கிறேன். எம்மா, இழுத்துப் பிடி. இவ்வளவு தொய்வு வேணும். கம்பிக்கும் மரத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் போணும். இப்ப சுத்துதேன், விடாத. தலைப்பக்கத்தில் முறுக்குகிற சாவி இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. இன்றைக்குப் பிடிக்கிற கையும் என் கை, சுற்றுகிற கையும் என் கை, அதனால் மூன்றாவதாக ஒரு கை வேண்டியிருந்தது, பல்லால் கடித்துக்கொண்டேன், இரும்பு ருசி, ரத்தத்தின் ருசி. எப்ராவின் சிநேகிதன் வில்ஃபிரட்டின் சட்டையை நான்தான் அலசினேன். அதை அவன் அம்மா கேட்டாள், அலசிக் கொடுத்தேன், நாலு தண்ணீர் மாற்றியும் கடைசித் தண்ணீரில் இந்த ருசியின் வாடைதான் இருந்தது.

நாசரேத்தில் ஒரு மத்தியானக் கல்யாணம். எப்ரா வாசிக்க, வில்ஃபிரட் பாட, இரண்டு பேரும் ஒரே பைக்கில் போனார்கள், ஒரே பைக்கில் திரும்பினார்கள். பைக்கை எப்ரா ஓட்டினான். பின்னால் வில்ஃபிரட், அவன் முதுகில் இந்தக் கிதார். வரும் வழியில், ரோட்டு வளைவில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல், பைக் சறுக்கிவிட்டது. நல்ல வெயில், எதிரே வண்டிகூட இல்லை. எப்ராவுக்கு முழங்கையில் தோல் போயிற்று. வில்ஃபிரட் அங்கேயே போய்விட்டான். கிதாருக்கு ஒன்றும் ஆகவில்லை. உறையில் மணல் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான், உள்ளே ஒரு கீறல் இல்லை, சுதிகூட இறங்கவில்லை என்று எப்ரா பிறகு யாரிடமோ சொன்னான், சொல்லிவிட்டுச் சிரித்தான், அந்தச் சிரிப்பைக் கேட்டு அறையில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அடக்கத்தன்றைக்கு வில்ஃபிரட்டின் அம்மா தங்கக்கிளி என் பிள்ளையின் கன்னத்தைத் தடவினாள். அடிப்பாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். தடவிக்கொண்டே, ரொம்ப மெதுவாக, ஒன் கிதாரு பத்திரமா இருக்காய்யா என்று கேட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாகக் கழற்றினான், ஒவ்வொன்றும் தளர்ந்து இறங்கும்போது ஒரு ஆள் முனகுகிற மாதிரி இருந்தது, பன்னிரண்டு தடவை. அப்புறம் அறைக்குள் போனான். தங்கக்கிளி மேல் எனக்குக் கோபம் இல்லை. இல்லை என்றுதான் தினமும் சொல்லிக்கொள்கிறேன். அவள் பிள்ளை மண்ணுக்குள், என் பிள்ளை கதவுக்குள், எனக்கு ஒரு கதவு இருக்கிறதே, அதற்கு நான் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டாமா.

ஆறாவது கம்பியைக் கோக்கும்போது போன் அடித்தது. பியூலா. எம்மா, கம்பி வந்துட்டா? வந்துட்டுளா, நான் மாட்டிக்கிட்டு இருக்கேன். யாரு, நீயா? ஆமா. ஊசில நூல் கோக்க வருஷம் முச்சூடும் என்னயக் கூப்பிட்டுக்கிட்டு இருந்த, நீ கிதாருக்கு கம்பி மாட்டுதியாக்கும், எம்மா, மாட்டி முடிச்சிட்டு கச்சேரி எப்பன்னு சொல்லு, லீவு போட்டுட்டு வாரேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா எங்க? காலேஜ் பஸ் ஓட்டப் போயிருக்காவ, அஞ்சு மணி ஆவும். அவன்? இருக்கான். இன்னைக்கு தட்டுனியா? தட்டுனேன். பதிலு? மோட்டார் நின்றிருந்தது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது, போனுக்குள் பியூலா மூச்சு விடுவது அறை முழுவதும் கேட்டது. தட்டுனான், என்றேன். சரி, சந்தோஷம், இல்லேன்னா சொல்லு, லிவிங்ஸ்டன் மாமாவுக்கு நான் இங்க இருந்தே போன் போட்டு கடப்பாறையோட வரச் சொல்லுதேன், அவருக்கு ஒரு நிமிஷம். வேண்டாம்ளா, தட்டுனான். வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாடகர் குழுவில் நின்று பாடுகிற வாய் இது. ஒரு சொல்லில் என் பிள்ளைக்கு வர வேண்டிய கடப்பாறையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். லிவிங்ஸ்டன் சார் எட்டு அடி தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், சாய்வு நாற்காலியில் தூங்குகிறார். ஒரு குரல் கொடுத்தால் போதும். நான் ஏழாவது கம்பியை எடுத்தேன்.

பதினொன்று மாட்டினேன். கடைசி ஒன்றைக் கோத்துத் தொங்கவிட்டேன், முறுக்கவில்லை, அதற்கு எனக்குப் பயம். விரலால் தட்டிப் பார்த்தால் கொசு பாடுகிற மாதிரி இருந்தது. கரண்டு கிதார் அப்படித்தான், உள்ளே பொள்ளல் இல்லாத கட்டை மரம், ஸ்பீக்கர் பெட்டியில் சொருகினால்தான் அதற்குத் தொண்டை. கதவுக்கு உள்ளே கேட்க வேண்டும் என்றால் சொருகத்தான் வேண்டும். வயரைச் சொருகிவிட்டு, சுவிட்சைத் தேடி ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கம் குனிந்தேன், பின்பக்கம் திறந்த பெட்டி அது, உள்ளே கையை விட்டால் விரலில் குளிர்ச்சியாக ஒன்று சுருண்டு ஒட்டியது. கையை உதறினேன். பாம்பு என்றுதான் நினைத்தேன். அது போகவில்லை, உதறின கைக்கு எதிர்ப்பக்கமாக, தானாக, உள்ளே இருந்த பெரிய காந்தத்தை நோக்கி ஊர்ந்து போய்ப் பொத்தென்று ஒட்டிக்கொண்டது. அந்தப் பெருங்கம்பி. கழற்றின அன்றைக்குக் காந்தம் இழுத்திருக்கிறது, அவ்வளவுதான். நான் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இயேசப்பா, இயேசப்பா. நல்லது, இது அறைக்குள் இல்லை. இது அறைக்குள் இல்லை என்பதால் அவன் இருக்கிறான் என்று ஆகுமா. கம்பி கிடைத்தது, சத்தம் கிடைக்கவில்லையே. எறும்பு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, இப்போது இரண்டு எறும்பு.

சுவிட்சைப் போட்டதும் பெட்டி ம்ம் என்று முனகத் தொடங்கியது. கிதாரை எடுத்து மடியில் வைத்துக் கம்பி மேல் உள்ளங்கையை வைத்தேன், முனகல் நின்றது. கையை எடுத்தேன், முனகியது. வைத்தேன், நின்றது. எப்ரா இதற்கு ஏதோ கரண்டுக் கணக்குச் சொல்லியிருக்கிறான், மனுஷ உடம்பு தொட்டால் அடங்கிவிடும் என்று. எனக்கு அவன் கைப்பிள்ளையாக இருந்ததுதான் ஞாபகம் வந்தது, தொட்டிலுக்குள் கையை வைத்தால் அழுகை நிற்கும், எடுத்தால் தொடங்கும், ஒரு கையைத் தொட்டிலுக்குள் விட்டுக்கொண்டே நான் தூங்கின காலம் உண்டு. அப்போது பெட்டிக்குள் ஒரு ஆம்பளைக் குரல் பேசியது. இரண்டு சொல், மூன்று சொல். என்ன பாஷை என்று பிடிபடுவதற்குள் போய்விட்டது. போலீஸ் வயர்லெஸ் சில நேரம் இதில் புகுந்துவிடும், எப்ராவும் வில்ஃபிரட்டும் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள், வில்ஃபிரட் இன்ஸ்பெக்டர் மாதிரிப் பேசிக் காட்டுவான், ஓவர் ஓவர் என்று என் பின்னாலேயே அடுக்களைக்கு வந்து, முறுக்கு டப்பா எங்கே இருக்கிறது, ஓவர், என்பான். எனக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தும், வில்ஃபிரட்டாய்யா, என்று கேட்டுவிட்டேன். வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். ஜெபிக்கிற வாயால் கேட்கக் கூடாத கேள்வி. கேட்டது போதாதென்று பதிலுக்குக் காத்துக்கொண்டும் இருந்தேன். உடனே கண்ணை மூடி மன்னிப்புக் கேட்டேன், சத்தமாக, எனக்கே தைரியம் வர வேண்டும் என்று சத்தமாக ஜெபித்து, ஆமென் என்றேன். என் மடியிலிருந்து யாரோ ம் என்றார்கள். கை கம்பியில் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன், ஒரு கம்பி மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது, என் குரல் எந்தச் சுரத்தில் விழுந்ததோ அந்தக் கம்பி, மற்றது எல்லாம் சும்மா இருந்தது. இதில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று பாடும். தொட வேண்டாம், பக்கத்தில் யாராவது அதே சுரத்தில் வாயைத் திறந்தாலே போதும். அப்படியானால் கதவுக்குள் அவன் வாயைத் திறந்தால்? நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு கம்பியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அசையவில்லை.

சரி, சுதி சேர்ப்போம். பாடகர் குழுவில் டோ எடுத்துக் கொடுக்கிற குழல் என் பையில்தான் எப்போதும் இருக்கும். டோ ஊதினேன், டோ, டீ, லா என்று பாடி இறங்கி முதல் சோடியைப் பிடித்தேன். லா, ரே, சோ, டோ, மீ, லா. ஆறு சோடிக்கும் இதுதான். கோயில் ஓய்வுநாள் பள்ளியில் கையைத் தூக்கிக் காட்டிச் சொல்லிக் கொடுத்த டோ ரே மீ ஃபா சோ லா டீ தவிர எனக்கு வேறு சங்கீதம் தெரியாது. முதல் நாலு சோடி ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகிற மாதிரி, தடிக் கம்பி கீழே, பொடிக் கம்பி மேலே. கடைசி இரண்டு சோடியும் ஒரே குரல். ஒவ்வொரு சாவியாக முறுக்க முறுக்க மரம் இறுகுவது என் தொடைக்குத் தெரிந்தது. மதுரையில் ஒருவரிடம் எப்ரா வாங்கும்போதே இதன் கழுத்து ஒரு தடவை விட்டுப்போய் ஒட்டினதுதான், ஒட்டின கோடு இப்போதும் தெரியும். ஐந்தாவது சோடியை ஏற்றும்போது அந்தக் கோட்டிலிருந்து கிர்ரென்று ஒரு சத்தம் வந்தது. உடனே இன்னொரு கிர். இரண்டாவது எங்கிருந்து வந்தது? நான் சாவியை விட்டுவிட்டேன். ஒன்றும் இல்லை. ஒரு அரைச் சுற்று. கிர். பிறகு, கொஞ்சம் தள்ளி, கிர். மரச் சத்தம்தான், இரண்டும் மரச் சத்தம்தான், ஒன்று என் மடியில் இருக்கிற மரம், இன்னொன்று கட்டில் மரமா, இல்லை இதன் எதிரொலிதான் சுவரில் பட்டு வருகிறதா. இந்த வீட்டில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன், எதிரொலி கேட்டதில்லை. ஆறாவது சோடியையும் ஏற்றினேன். கிர். கிர்.

பாக்கி ஒன்று. நாலாவது சோடியின் பொடிக்கம்பி. பன்னிரண்டிலும் இதுதான் மெல்லிசு, தலைமுடியைக் காட்டிலும் கொஞ்சம்தான் கனம், ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நின்று இதுதான் பாட வேண்டும். இதை முறுக்கும்போது மட்டும் எப்ரா என்னைப் பிடிக்க விட மாட்டான், எழுந்து போகச் சொல்லிவிட்டுத் தானும் முகத்தைத் தோளுக்குப் பின்னால் திருப்பிக்கொள்வான். அறுந்தால் கண்ணுக்குத்தான் வரும். நான் டோ ஊதினேன். முறுக்கினேன். கம்பி சோவில் இருந்தது, லாவுக்கு வந்தது, கழுத்து முனகியது, லாவுக்கும் டீக்கும் நடுவில் எங்கோ வந்தபோது, எம்மா, என்று ஒரு குரல். துருப்பிடித்த குரல். சுதி ஏறிட்டு. எந்தக் குழல வச்சு பிடிச்ச? நான் பதில் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், கோயில் குழல்தான்யா என்றேன். ஒரு சுரம் எறக்கு. ஒட்டுன கழுத்து அது, பன்னெண்டும் அந்த இழுவைக்குத் தாங்காது, நான் எப்பவும் ஒரு சுரம் எறக்கித்தான் வைப்பேன். நான் இரண்டு கையையும் கிதாரிலிருந்து எடுத்துக் கும்பிட்டேன். எடுத்ததும் பெட்டி முனகியது. எய்யா, என்றேன். முனகல்தான். எப்ரா. முனகல். அவன் பேசியே இராத மாதிரி வீடு கிடந்தது. சோற்றுச் சட்டி. எறும்பு. பேசினது கதவா, பெட்டியா? எம்மா என்று சொன்னது எந்தப் பக்கம்? என் இடது பக்கம் கதவு, வலது பக்கம் பெட்டி, குரல் நடுவில், என் தலைக்குள் கேட்டதாக இப்போது தோன்றியது. ஐந்து வாரமாகக் கேட்காத குரலை நானே உண்டாக்கிக்கொண்டேனா. எழுந்து போய் இரண்டு தட்டுத் தட்டு, கழுதை, எழுந்து போ. கால் எழவில்லை. நான் சும்மா இருந்தால் வீடும் சும்மா இருக்கிறது. நான் முறுக்கினபோதுதான் அது பேசியது.

கையைத் திருப்பி வைத்தேன். முனகல் அடங்கியது. கால் சுற்று முறுக்கினேன். கம்பி டீக்கு ஏறியது, கழுத்துக் கோடு கிர்ரென்றது, எம்மா, எறக்குன்னு சொன்னேம்லா, கதவுதான், கதவுக்குப் பின்னால்தான், கட்டில் காலிலிருந்து ஒரு எடை இறங்குகிற சத்தம். எனக்கு எறக்கத் தெரியாதுய்யா, என்றேன். சாவிய அந்தப் பக்கமா திருப்பு. எந்தப் பக்கம்னு தெரியலய்யா, என்று பொய் சொன்னேன். எனக்குத் தெரியும். கால் சுற்று, மேலே. எம்மா, அது டோவுக்கு வந்துட்டு, அது அறுந்துரும், மொகத்தத் திருப்பிட்டியா? டோவில் இருந்தது, சுத்தமான டோ, ஈஸ்டர் காலையில் முதல் பாட்டுக்கு நாங்கள் எடுக்கிற டோ, அதற்கு மேலே அந்தக் கம்பிக்கு இடமே கிடையாது. இல்லய்யா, என்றேன். திருப்பு. திருப்ப மாட்டேன். எம்மா, வெளையாடாத, கண்ணு போயிரும். என் பிள்ளை என்னை அதட்டினான். எவ்வளவு நாள் ஆயிற்று. அறுந்தால் அறுந்து போகட்டும், கழுத்து விட்டால் விட்டுப் போகட்டும், ஒரு குருவிக்குக்கூடக் கல் எறியாதவள் நான், ஆண்டவரே, என் பிள்ளையைப் பயம் காட்டுகிறேன், நீர் பார்த்துக்கொண்டிரும். இன்னொரு கால் சுற்று. கம்பி டோவைத் தாண்டி, பெயர் இல்லாத ஒரு இடத்தில் நின்று கீச்சென்றது, பதினொரு கம்பியும் அதோடு சேர்ந்து அதிர்ந்தன, உள்ளே வெறுங்கால் சிமெண்ட்டுத் தரையில் ஓடி வந்தது, தாழ்ப்பாள் ஒரு தடவை முரண்டு பிடித்தது. ஐந்து வாரம் திறக்காத தாழ்ப்பாள் இல்லை, தினமும் நான் மறைந்த பிறகு திறந்ததுதான், இப்போது நான் மறையவில்லை, அதுதான் அதற்குப் புதுசு. எம்மா, கைய எடு, நான் வாரேன், வந்துட்டேன், கைய எடு. கம்பி என் கண்ணுக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி ஒரு கோடாக நின்றது. நான் கையை எடுக்கவில்லை. கதவு முழுசாகத் திறக்கட்டும்.